அய்யன் குரலும் ஒரு எட்டு ஜி.பி. பென்டிரைவும்

எங்கள் வீட்டு பீரோவில் நிலப் பத்திரங்கள் இருக்கும் தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கிறது. முன்னாடி அம்மா அதில் தோடு, மூக்குத்தி எல்லாம் போட்டு வைத்திருந்தார். 2012 மார்கழியிலிருந்து 2019 சித்திரை வரைக்கும் அதற்குள் இருந்தது ஒரு பென்டிரைவ். எட்டு ஜி.பி., கறுப்பு நிறம். மூடி எப்பவோ தொலைந்துவிட்டதால் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். பத்திரத்தைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்கு மேல்கையில் இருக்கிற மேட்டுக்காடு. வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும், தண்ணி காட்டுக்கு ஏறாது. தண்ணி வேண்டும் என்றால் கெணறு, அது வற்றினால் போர். எங்கள் பக்கத்துப் பூமி முச்சூடும் பாறை. பாறைக்குள் எங்கேயோ ஒரு வெடிப்பில் ஓடுகிற தண்ணியைத் தேடி அறுநூறு, எழுநூறு, ஆயிரம் அடி என்று ஓட்டை போடுவோம். சில சமயம் தண்ணி பீய்ச்சும். பல சமயம் வெறும் புகைதான் பறக்கும். புகை பறந்தால் அந்த வருஷம் வீட்டில் யாரோ ஒருத்தர் நகை அடகுக்குப் போகும் என்று அர்த்தம்.

அய்யன் (எங்க அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்தக் காட்டில் மொத்தம் அஞ்சு போர் போட்டிருந்தார். ரெண்டில் தண்ணி, மூணு புகை. எந்த எடத்தில் போட்டார், எத்தனாவது அடியில் கல்லு மாறியது, எங்கே ஈரம் தட்டியது, எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. நோட்டுப் போட்டு எழுதுகிற ஆள் இல்லை. 2012 மார்கழியில் ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார வைத்து, என்னிடம் அப்போது இருந்த பட்டன் போனில் ரெக்கார்டரை ஓட விட்டேன். 47 நிமிஷம் பேசினார். போரில் ஆரம்பித்து, அவரோட அப்பாரு கவலை ஓட்டிய கதை, காங்கேயம் காளை ஜோடி ஒன்றை விற்றுவிட்டு ராத்திரி சோறு திங்காமல் படுத்த கதை என்று எங்கெங்கோ போய் மறுபடி போருக்கே வந்து முடித்தார்.

அதைத்தான் பென்டிரைவில் ஏற்றினேன். பையன் லேப்டாப்பிலும் ஒரு காப்பி இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பென்டிரைவில் வைத்திருக்கிறார் என்று நினைத்து அவன் லேப்டாப்பை மாற்றும்போது அழித்துவிட்டான். பட்டன் போன் கெணத்துக்குள் விழுந்தது தனிக் கதை.

2015 ஆவணியில் அய்யன் போய்விட்டார். அப்புறம் அந்தக் குரலைக் கேட்க மனசு வரவில்லை. இருக்கிறது, எப்ப வேண்டுமானாலும் கேட்டுக்கலாம் என்கிற தைரியமே போதுமாக இருந்தது.

2019 சித்திரையில் தென்னைக்குத் தண்ணி இல்லாமல் மட்டை தொங்க ஆரம்பித்தது. ஆறாவது போர் போட்டே ஆக வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்று பக்கத்து ஊருக்கு வந்திருந்தது, சொல்லி வைத்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து, பையனின் லேப்டாப்பில் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு பெட்டி வந்தது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் பார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?

நான் "சரி"யை அழுத்தப் போய்விட்டேன். கேட்கிறது, செய்தால் திறந்துவிடும் போல என்றுதான் நினைத்தேன். பையன் என் கையைத் தட்டிவிட்டான். அந்த ஒரு தட்டுக்காக அவன் அதுவரைக்கும் செய்த எல்லாத்தையும் மன்னித்துவிட்டேன்.

மறுநாள் பெருந்துறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தெரிந்த தம்பியிடம் கொண்டு போனேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "இதுக்கு முன்னாடி இது எங்கண்ணா இருந்துச்சு?"

"டிராக்டர்ல."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மைதான். அய்யன் குரலுக்கு என்று புதிதாக நான் ஒன்றும் வாங்கவில்லை. டிராக்டர் பாட்டுப் பெட்டியில் ரெண்டு வருஷம் ஓடிய பென்டிரைவையே எடுத்து, பாட்டை அழித்துவிட்டு, இதை ஏற்றினேன். டிராக்டரில் இருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு தரம் பழைய பாட்டை எல்லாம் அழித்து அதன் கொள்ளளவுக்குப் புதுப் பாட்டு நிரப்புவோம். ஓட்டுகிற ஆளுக்கு ஒரே பாட்டு ரெண்டாவது வாரம் பிடிக்காது. சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டிலேயே அது நாள் முழுக்க இருந்தது. போதாக்குறைக்கு ஏறி இறங்கும்போது முழங்கால் அதில் இடிக்கும். ஒரு தடவை இடித்து லேசாக வளைந்தே போனது, நான் கையால் நிமிர்த்திவிட்டேன். பழைய உரச்சாக்கில் விதை நெல்லைக் கட்டி வைத்த மாதிரி வேலை. விதை விஷயத்தில் அதை நான் செய்யவே மாட்டேன்.

தம்பி முதலில் பார்த்தது அந்த வளைவைத்தான். உலோக முனை உள்ளே இருக்கும் பச்சை அட்டையோடு நாலு சின்ன ஈயப் பற்றுகளில் ஒட்டியிருக்கிறது. அது விரிசல் விட்டால் பென்டிரைவ் செத்த மாதிரி கிடக்கும், உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திரும்பப் பற்ற வைத்தால் உயிர் வந்துவிடும். என்னுடையதில் ஒரு கால் விட்டுப் போயிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பற்ற வைத்தான். அப்புறமும் அதே பெட்டி வந்தது, பார்மேட் செய்யலாமா என்று. "உள்ளயும் கோளாறு இருக்குதுங்ணா" என்றான்.

அன்றைக்குக் கடையில் வேலை குறைவு. டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இது எப்படித்தான் வேலை செய்கிறது என்று விளக்கினான். அதற்கப்புறம் நானும் தேடிப் படித்தேன். இவ்வளவு நாள் கையில் வைத்துக்கொண்டு இதை ஒரு சின்ன இரும்புப் பெட்டி என்று நினைத்திருந்தேனே என்று ஆகிவிட்டது.

உள்ளே இருக்கும் சிப்பில் ஆயிரக்கணக்கான கோடி சின்னத் தொட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நிற்பது தண்ணி இல்லை, மின்சாரத் துகள், எலெக்ட்ரான். தொட்டி நிறைந்திருக்கிறதா, காலியா என்பதை வைத்துத்தான் எழுத்தும் படமும் குரலும். தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் மின்சாரம் கடத்தாத ஒரு சவ்வு. அதன் தடிமன் நம் தலைமுடியில் சுமாராகப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எழுதும்போது சிப்புக்குள்ளேயே ஒரு பம்பு வேலை செய்து, பென்டிரைவுக்கு வருகிற அஞ்சு வோல்ட் மின்சாரத்தை இருபது வோல்ட் அளவுக்கு ஏற்றி, அந்தச் சவ்வு வழியாக எலெக்ட்ரானை உள்ளே தள்ளுகிறது. கெணத்துத் தண்ணியை மேல்தொட்டிக்கு ஏற்றுகிற மாதிரிதான். அதற்குப் பெயரே சார்ஜ் பம்ப் என்று சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் மேல்தொட்டிக்குக் குழாய் இருக்கிறது. இங்கே குழாய் கிடையாது, சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும், அழிக்கும்போது சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் அடிபடுகிறது. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ஒரு தொட்டியில் ஒரே ஒரு பிட் வைத்த பழைய சிப்புகள் சுமார் லட்சம் தடவை தாங்கும். அப்புறம் விலையைக் குறைக்க வேண்டும் என்று ஒரே தொட்டியில் ரெண்டு பிட், மூணு பிட், நாலு பிட் என்று திணித்தார்கள். மூணு பிட் என்றால் தொட்டியில் எட்டுக் கோடு போட்டு, தண்ணி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாலு பிட் என்றால் பதினாறு கோடு. கோடு நெருங்க நெருங்க, துளி கசிந்தாலும் கணக்கு மாறிவிடும். மலிவாகக் கிடைக்கும் சரக்கு சில நூறு தடவை, மிஞ்சினால் சில ஆயிரம் தடவைதான் தாங்கும்.

இதில் இன்னொரு கொடுமை, ஒரு தொட்டியை மட்டும் தனியாக அழிக்க முடியாது. பாத்தி பாத்தியாகத்தான் அழிக்கும். ஒரு நாற்றை மாற்ற வேண்டும் என்றால் பாத்தி முழுக்கப் பிடுங்கி வேறு பாத்தியில் நட்டுவிட்டு, பழைய பாத்தியை மொத்தமாக உழ வேண்டும். ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த புஜியோ மசுவோகா என்பவர்தான் 1980-களில் இதைக் கண்டுபிடித்தவர். 1984-ல் வெளியே சொன்னார். ஒரே வெட்டில் எல்லாம் அழிவது கேமரா பிளாஷ் மாதிரி இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் பிளாஷ் மெமரி என்ற பெயரே வந்ததாம். அழிப்பதை வைத்துப் பெயர் வந்த ஒன்றில் அய்யனைக் கொண்டு போய் வைத்திருக்கிறேன்.

எந்தப் பாத்தியில் எது நட்டிருக்கிறது, எந்தப் பாத்தி பாழாகிவிட்டது, அடுத்து எதில் நடுவது என்று கணக்குப் பார்க்க ஒரு மணியக்காரர் உள்ளே இருக்கிறார். அவர் தனிச் சிப், கன்ட்ரோலர் என்பார்கள். ஒரே பாத்தியைத் திரும்பத் திரும்ப உழாமல் சுழற்சியாகப் பயன்படுத்துவதும் அவர் வேலை. பென்டிரைவ் விலை குறையும்போது இந்த மணியக்காரரும் மட்டமான ஆளாக இருப்பார். அவர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நாம் வெடுக்கென்று பிடுங்கினால் நோட்டுப் பாதியில் நின்றுவிடும். பொருள் இருக்கும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. பார்மேட் செய்யலாமா என்று கம்ப்யூட்டர் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரி சமயத்தில்தான். காப்பி முடிந்துவிட்டது என்று திரையில் வந்த பிறகும் சில சமயம் உள்ளே எழுதிக்கொண்டுதான் இருக்கும், விளக்கு மினுக்கும். அதனால்தான் "பாதுகாப்பாக வெளியேற்று" என்பதை அழுத்தச் சொல்கிறார்கள். விண்டோஸில் 2018-க்கு அப்புறம் வந்தவை உடனுக்குடன் எழுதிவிடும்படி மாற்றியிருக்கிறார்கள் என்றாலும், விளக்கு அணைகிற வரைக்கும் பொறுத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? டிராக்டரில் சாவியைத் திருப்பி அணைத்த கையோடு பாட்டுப் பெட்டியிலிருந்து பிடுங்குவது என் பழக்கம். அதில் பாட்டுப் படிக்க மட்டும்தான் செய்கிறது என்பதால் தப்பித்தேன்.

அப்புறம்தான் அவன் சொன்னான், என் பென்டிரைவின் முக்கியமான நோய் என்ன என்று. எழுதி எழுதிச் சுவர் தேய்ந்த பென்டிரைவ். அதில் குரலை ஏற்றி, ஆறு வருஷத்துக்கு மேல் செருகாமல் வைத்தது. வைத்த இடம் சிமெண்டு சீட் போட்ட அறையில் இரும்பு பீரோ. அக்கினி நட்சத்திரத்தில் அந்த பீரோவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூடு கூடக் கூடக் கசிவு வேகமாகும். கம்ப்யூட்டரில் போடும் எஸ்.எஸ்.டி.க்கு ஜெடெக் என்ற தர அமைப்பு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. சொன்ன ஆயுளுக்கு எழுதித் தேய்த்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவல் நின்றால் போதும் என்கிறது. ஒரே ஒரு வருஷம். பென்டிரைவுகள் பொதுவாக அதைவிட மட்டமான சிப்பில் செய்தவை. புதிதாக இருந்தால், குளிர்ச்சியான இடத்தில் இருந்தால், பல வருஷம் தாங்கும். என்னுடையது புதிதும் இல்லை, இருந்த இடம் குளிர்ச்சியும் இல்லை.

"அப்ப வருஷத்துக்கு ஒருக்கா செருகி எடுத்திருந்தா நின்னிருக்குமா தம்பி?"

"சும்மா செருகுனா பத்தாதுங்ணா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எறக்கி, நல்லா இருக்குதான்னு பாத்து, திரும்ப எழுதணும். அப்பத்தான் தொட்டி திரும்ப ரொம்பும்."

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் வீட்டில் தட்டைப்பயிரும் துவரையும் விதைக்கு எடுத்து, செம்மண் கட்டி, வெயிலில் காய வைத்துப் பானையில் போடுவோம். எவ்வளவு நல்லாக் கட்டினாலும் அதை ஆறு வருஷம் யாராவது வைப்பார்களா? விதை என்பது ஒவ்வொரு பட்டத்துக்கும் போட்டு, விளைய வைத்து, திரும்ப எடுப்பது. பூட்டி வைத்தால் முளைப்பு போய்விடும் என்று எட்டு வயசிலேயே அய்யன் சொல்லிக் கொடுத்தது. அவர் குரலைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன்.

சரி, எடுத்த கதைக்கு வருகிறேன். தம்பி அந்தப் பென்டிரைவில் நேராக எதையும் சரிபண்ணப் போகவில்லை. முதலில் அதை அப்படியே, கெட்டது நல்லது எல்லாம் சேர்த்து, ஒரு நகல் எடுக்க வேண்டும், அப்புறம் நகலில்தான் வேலை என்றான். இதைப் பட்டணத்தில் இருக்கும் நண்பர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சாகக் கிடக்கும் பென்டிரைவை ஒவ்வொரு தடவை செருகுவதும் அதற்குப் பாரம்தான். இணையத்தில் பார்த்து "டிஸ்க்கைச் சரிசெய்" என்று எதையாவது ஓட்டினால், அது சரிசெய்கிறேன் என்று அதிலேயே எழுதும். பார்மேட்டிலும் ரெண்டு வகை இருக்கிறது. வேகமான பார்மேட் அட்டவணையை மட்டும்தான் புதிதாகப் போடும், சரக்கு பெரும்பாலும் அடியில் கிடக்கும். முழு பார்மேட், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, எல்லாத்தையும் பூஜ்யத்தால் மெழுகிவிடும். அன்றைக்கு என் விரல் எதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நகல் எடுக்கவே ஒரு நாள் ராத்திரியும் பாதிப் பகலும் ஆனது. படிக்க முடியாத எடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி முயற்சி பண்ணி எடுக்கும் மென்பொருள் அது. மூணாம் நாள் கூப்பிட்டான். அட்டவணை போனதால் கோப்புக்குப் பெயர் எல்லாம் இல்லை, ஏதோ ஒரு எண். அளவு நாலரை எம்.பி.

நாலரை எம்.பி. தான். இப்போது என் போனில் ஒரு தென்னை மட்டையைப் படம் எடுத்தால் அதற்கே அவ்வளவு ஆகிவிடும். 2000-ல் முதன்முதலாகக் கடைக்கு வந்த பென்டிரைவ்களில் ஒன்றின் மொத்தக் கொள்ளளவே எட்டு எம்.பி. தானாம். அதில்கூட அய்யன் 47 நிமிஷமும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கலாம், பக்கத்தில் அம்மாவுக்கும் இடம் இருந்திருக்கும்.

அந்தச் சின்ன அளவுதான் காப்பாற்றவும் செய்தது. பழைய பட்டன் போன் பதிவு செய்தது ஏ.எம்.ஆர். என்ற வகையில். குரலை ஒரு நொடிக்கு அம்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதனதன் போக்கில் எழுதி வைக்கும். நடுவில் சில துண்டு போனாலும் மற்றது பாடும். இப்போதைய போன்களின் பதிவாக இருந்திருந்தால், எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் குறிப்பு ஒரே எடத்தில் இருக்கும், அது போனால் மற்றது இருந்தும் திறப்பது பெரும்பாடு என்றான் தம்பி. ஊரே கேலி பண்ணிய போன் அது.

கடையிலேயே போட்டுக் காட்டினான். முதலில் சேவல் கூவும் சத்தம். அப்புறம், "ஏன்டா, இது ஓடுதா?"

நான் எழுந்து வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன். அந்தத் தம்பி நல்ல பையன், ஒன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பது நிமிஷம் தெளிவாக இருந்தது. முதல் போர், ரெண்டாவது போர். அதற்கப்புறம் பன்னெண்டு நிமிஷம் வெறும் கரகரப்பு, நடுநடுவே ஒரு வார்த்தை. "அப்ப..." "...கல்லு..." "...வேண்டாம்னு..." மறுபடி குரல் தெளியும்போது அஞ்சாவது போர் முடிந்து காளைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சாவது போர் எனக்கு நேரில் தெரியும். நாலாவது, மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னாடி, அதுவும் தெரியும். மூணாவது போட்ட சமயம் நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதுதான் அந்தப் பன்னெண்டு நிமிஷத்துக்குள் இருந்தது.

ரிக் லாரிக்காரர் ரெண்டு நாள்தான் பொறுப்பார். தேங்காய் வைத்துப் பார்க்கிறவரைக் கூட்டி வந்து எடம் குறித்தோம். வைகாசி முதல் வாரம், 780 அடி. புகைதான். அறுநூறுக்கு மேலே போனபோதே தெரிந்துவிட்டது, ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வராது, அடுத்த அடியில் வந்துவிடும் என்றே தோன்றும். போர் போட்டவர்களுக்கு அது தெரியும்.

புரட்டாசி மழைக்குக் காட்டை ஆழ உழுதபோது கொழுவில் டங்கென்று ஒரு பலகைக்கல் தட்டியது. நெம்பிப் பார்த்தால் கீழே ஓட்டை. கேசிங் குழாயைக்கூட உருவிவிட்டு கல்லைப் போட்டு மூடி மண் தள்ளியிருந்தார்கள். அய்யனுடைய மூணாவது போர். நான் போட்ட புதுப் போருக்கும் அதற்கும் இருபது அடி தூரம்கூட இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் பென்டிரைவ் பழக்கம் மாறிவிட்டது. டிராக்டருக்கு ஒன்று தனி, அது செத்தாலும் கவலை இல்லை. உடம்பே தெரியாமல் நகக்கண் அளவில் வருகிற சின்ன வகைதான் வாங்குகிறேன், முழங்கால் இடிக்காது. ஆனால் அந்த வகையில் எல்லாம் ஒரே வார்ப்பாக இருக்கும், கெட்டால் பிரித்துப் பற்ற வைக்க வழியில்லை, அதனால் பாட்டுக்கு மட்டும்தான். ஜெராக்ஸ் கடைக்குச் சிட்டா அடங்கல் எடுக்கப் போவதற்கு ஒன்று தனி. அங்கே செருகி வந்தால் போல்டர் எல்லாம் குறுக்குவழி அடையாளமாக மாறிவிடும் வைரஸ் ஒன்று எங்கள் பக்கம் ரொம்ப நாள் சுற்றியது. கோப்பு எதுவும் போகவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது என்று தெரியாமல் ரெண்டு பேர் பார்மேட் செய்து பத்திர நகலை எல்லாம் தொலைத்தார்கள்.

சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்கிறவரிடம் வாங்குவதை விட்டுவிட்டேன். 64 ஜி.பி. என்று எழுதியிருந்த ஒன்றில் மச்சான் மகள் காதுகுத்துப் படம் எல்லாம் ஏற்றினோம். உள்ளே இருந்தது வெறும் எட்டு. மணியக்காரரையே ஏமாற்றி 64 என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். எட்டு நிறைந்ததும் மேலே வந்ததெல்லாம் காற்றில் போயிற்று, படத்தின் பெயர் இருக்கும், திறந்தால் பாதி சாம்பல் நிறம். இப்போது புதிதாக எது வாங்கினாலும் பையன் முதலில் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்கிறான். அதற்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது. அளக்காமல் மூட்டையை வாங்குகிறோமா?

முக்கியமான சரக்கு பென்டிரைவில் மட்டும் எதுவும் இல்லை. பென்டிரைவ் என்பது மாட்டு வண்டி, களத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றி வர. வண்டியிலேயே யாரும் நெல்லைச் சேமித்து வைப்பதில்லை. அய்யன் குரல் இப்போது வீட்டு ஹார்ட் டிஸ்க் ஒன்றில், கோயமுத்தூரில் பையனிடம் இன்னொன்றில், இணையத்தில் ஒரு காப்பி, அதுபோக வழக்கம் விடாமல் பீரோவில் ஒரு புதுப் பென்டிரைவிலும். அதன்மேல் பெயிண்டில் எழுதின தேதியைப் போட்டிருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு விதைப் பானையைப் பிரிக்கும் அன்றைக்கே அதையும் எடுத்து, இறக்கி, கேட்டுப் பார்த்து, திரும்ப ஏற்றுவேன். கேட்டுப் பார்ப்பது என்றால் 47 நிமிஷமும். அந்தப் பன்னெண்டு நிமிஷக் கரகரப்பையும் தாண்டிவிடாமல் கேட்பேன். சத்தம் குறைத்துத்தான்.

போன வருஷம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கடலைக்காய் தொலித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரகரப்பு வந்ததும், "இதுல என்னத்தக் கேக்கறே, கண்ணு?" என்றார்.

"மூணாவது போர் எங்க போட்டாருன்னு இந்த எடத்துலதாம்மா சொல்றாரு. கேக்கத்தான் மாட்டேங்குது."

"அதுவா? வேலாமரத்துக்கு இந்தப் பக்கம், உங்க அப்பாரு காலத்துப் பலகைக்கல்லைத் தூக்கி மேல போட்டாங்க. ரெண்டு நாளு ரிக்குக்காரங்க ஏழு பேருக்கும் நாந்தானே சோறு ஆக்கிக் கொண்டுபோனேன். நானூத்தி இருவதுல ஈரம் தட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமில்லே. உங்கய்யன் அந்தக் கல்லு மேலயே உக்காந்திருந்தாரு, நாந்தான் எந்திரிச்சு வாங்கன்னு கூட்டியாந்தேன்."

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஏம்மா, நாம் போர் போடறப்போ இதைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ எங்க சாமி கேட்டே? நீங்கெல்லாம் நின்னு பேசிட்டிருந்தீங்க. நான் சோறு ஆக்கிட்டிருந்தேன்."

போனை எடுத்து ரெக்கார்டரை ஓட விட்டு, கடலைக்காய் முறத்தின் ஓரத்தில் வைத்தேன். "மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மூணாவது போர் பற்றி நாலு நிமிஷம், மற்றதெல்லாம் அந்த ஏழு பேரில் யார் எவ்வளவு சோறு தின்றார்கள் என்பது.